ஒராள் மட்டும் திறக்கிற கோப்பு

ஒரு கொம்பியூட்டர் கோப்பைக் கோழி மாதிரி அடைகாத்த மனுசன் இந்த உலகத்திலேயே ஒராள்தான். அவரை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலை எங்கடை இரத்ததானச் சங்கக் கந்தோரிலை சம்பளமில்லாமல் வேலை செய்யிற, இளைப்பாறின கிளாக்கர். பேர் பூட்டு அண்ணை. சொந்தப் பேர் ஒண்டு இருக்கு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பாக்கமாட்டார்.

இரத்தம் குடுக்கிற ஆக்களின்ரை விபரம் முழுக்க அந்த ஒரு கோப்பிலைதான். நாங்கள் நாலு பேர், நாலு கொம்பியூட்டர். ஆனால் கோப்பை ஒரு நேரத்திலை ஒராள்தான் திறக்கலாம். அவர் மூடும் வரைக்கும் மற்றவைக்கு 'வேறொருவர் பாவிக்கிறார்' எண்டு திரையிலை வரும். அந்த வேறொருவர் எப்பவும் பூட்டு அண்ணைதான். அளவெட்டியிலை முதல் பஸ்சைப் பிடிச்சு வந்து ஆறரைக்கே திறந்திடுவார். மத்தியானச் சோறும் அந்தக் கதிரையிலைதான். ஒருநாள் அவரை முந்துவம் எண்டு ஆறு மணிக்கே போய் நிண்டன். கந்தோர்க் கதவைத் திறக்கிற திறப்பும் அவரிட்டை.

எனக்குப் பத்திக்கொண்டு வரும். கம்பஸிலை படிக்கிற துளசி எண்ட பிள்ளை, எல்லாரும் ஒரே நேரத்திலை திறக்கிற மாதிரிச் செய்து தாறன் எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பாள். அண்ணை மாட்டன் எண்டிட்டார். நாலு பேர் கை வைச்சால் ஆக்களின்ரை இரத்த வகையே மாறிப்போகுமாம். உண்மை அதில்லை. மனிசி செத்துப்போய், பிள்ளையளும் வெளிநாடு போனாப்போலை, அந்த மனுசனிட்டை ஆராவது வந்து ஒண்டு கேக்கிற இடம் அந்த மேசைதான். அது தெரிஞ்சுதான் நாங்களும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனாங்கள்.

ஒரு புதன்கிழமை அவர் வரேல்லை. காய்ச்சல். கந்தோர்த் திறப்பை மட்டும் பஸ் கொண்டக்டரிட்டைக் குடுத்து அனுப்பியிருந்தார். கோப்பை முதல்நாளே திறந்தபடி விட்டு, திரைக்குப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிப்போட்டுப் போயிருக்கிறார். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலை இருந்து போன். பிள்ளைப்பேறுக்கு வந்த கொடிகாமத்துப் பிள்ளை ஒண்டுக்கு இரத்தம் நிக்கேல்லை. ஓ நெகட்டிவ் உடனே வேணும். நான் அண்ணைக்குப் போன் அடிச்சன்.

"பாஸ்வேர்ட்டைச் சொல்லுங்கோ அண்ணை."

"போனிலை சொல்லேலாது. வாறன்."

வயரைப் புடுங்குவம் எண்டால், கோப்புக் கெட்டுப்போனால் ஒரு பேரும் மிஞ்சாது. முக்கால் மணித்தியாலம் காத்திருந்தம். தலையிலை மப்ளர், மேலிலை போர்வை, ஓட்டோவிலை வந்து இறங்கினார். எங்கள் எல்லாரையும் சுவரைப் பாக்கச் சொல்லிப்போட்டு, காய்ச்சலோடை தட்டினார். மூண்டு தரம் பிழைச்சுது. நான் சுவரைப் பாத்தபடியே வாயிலை வந்ததெல்லாம் பேசினன். நாலாந்தரம் திறந்துது. உரும்பிராயிலை ஒரு பெடியன் அம்பிட்டான், ஓடிப்போய்க் குடுத்தான்.

தாயும் பிள்ளையும் தப்பிட்டினம் எண்டு செய்தி வரும் வரைக்கும் அண்ணை போர்வையோடை போனடியிலையே இருந்தார். வந்த பிறகு சொன்னார்: "இன்னும் பத்து நிமிசம் நான் பிந்தியிருந்தால் அந்தத் தாய் செத்திருக்கும், தம்பி. என்னாலை. துளசியை வரச்சொல்லு."

துளசி வந்து விபரங்களை ஒரு கொம்பியூட்டரிலை பொதுவாய் வைச்சு, நாலு பேருக்கும் தனித்தனிப் பேரும் பாஸ்வேர்ட்டும் தந்தாள். எங்களுக்கெண்டால் கொண்டாட்டம். அண்ணையின்ரை மேசைக்கு ஒருத்தரும் போகேல்லை. அவர் பாட்டுக்குப் பகல் முழுக்க என்னவோ தட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு கிழமைக்குப் பிறகுதான் கண்டன். ஒவ்வொரு பேருக்கும் நேரே 'குறிப்பு' எண்டு வெறுமனே கிடந்த இடத்தை நிரப்பிறார். 'பத்து மணி வரைக்கும் சந்தையிலை நிப்பார், போன் கேளாது.' 'மனிசிக்குத் தெரியாமல் குடுக்கிறவர். வீட்டு போனுக்கு அடிக்கவேண்டாம்.' இனி ஒருத்தரும் தன்னட்டை வந்து கேக்கத் தேவையில்லாத மாதிரி, தலைக்குள்ளை கிடந்ததையெல்லாம் எங்களுக்கு அள்ளித் தந்துகொண்டிருக்கிறார்.

நானும் இரத்தம் குடுக்கிற ஆள்தானே, சும்மா இருக்கேலாமல் என்ரை பேரைத் தேடினன்.

'ஊசிக்குப் பயம். வெளியிலை சொல்லமாட்டான். கூட ஒராள் போகவேணும். நான் போவன்.'

நாலு பேரும் வாசிக்கிற இடத்திலை. என்ரை மானம் போச்சு. அதுக்குப் பிறகு, போன மாதம் இரத்தம் குடுக்கேக்கை பக்கத்துக் கதிரையிலை அவர்தான் இருந்தார். ஊசியைக் கழட்டின பிறகும் நான் அவரின்ரை கையை விடேல்லை.