முதலீட்டுக்கு நான் போட்ட பூஜை

ஒரு பொருளை ஓட்டக் கூடாது, அதில் ஏறி உட்காரக் கூடாது, பிஸ்கட் கையோடு குழந்தை அதன் பக்கமே போகக் கூடாது. ஆனால் சனிக்கிழமை தோறும் அதைக் குளிப்பாட்டித் துவட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்க வேண்டும் என்றால், அது முதலீடா, பொழுதுபோக்கா? எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. என் கணவர் செந்திலுக்குத் தெரியும். அவருடைய பதில்தான் கிழமைக்குக் கிழமை மாறும்.

பொருள், ஒரு கார். எழுபதுகளில் ஆஸ்திரேலியாவிலேயே செய்த, பெரிய எஞ்சின் வைத்த ஆரஞ்சு நிறக் கார். மசில் கார் என்பார்கள். இரண்டே கதவு, நீளமான மூக்கு. ஸ்டார்ட் செய்தால் தெருக்கோடி வரை நாய்கள் குரைக்கும். 2010இல், மெல்பர்னின் புறநகரான கிளேட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு, இன்னொரு வண்டியின் முதுகில் ஏறிக்கொண்டு வந்து இறங்கியது. (ஓட்டி வந்தால் கிலோமீட்டர் கூடிவிடுமாம்.)

அதை வாங்கிய பணம், பக்கத்துப் புறநகரான கிளென் வேவர்லியில் வீடு வாங்கச் சேர்த்துவைத்தது. எங்கள் மகள் நிலாவுக்கு அப்போது மூன்று வயது. அவள் வயிற்றில் இருக்கும்போதே, எந்தத் தெரு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்று வரைபடம் பார்க்கத் தொடங்கியவள் நான். (எல்லைக்குள் வீடு இருந்தால்தான் அந்தப் பள்ளியில் இடம்.)

"பேங்க்ல போட்டு என்ன வரப்போகுது வித்யா? இது அப்படியே ஏறும் பாரு. நிலா ஸ்கூல் போறதுக்குள்ள இத விக்கிறோம், வீடு வாங்குறோம்" என்றார்.

"கார் பழசானா விலை குறையத்தானே செய்யும்?"

"அது நம்ம கார். இது கிளாசிக்."

நம்ம கார் என்பது வெள்ளை நிறத்தில், சின்னதாக, ஆட்டோமேட்டிக் கியரோடு, எங்கே கூப்பிட்டாலும் வந்துகொண்டிருந்த அப்பாவி. அன்றே அது கராஜிலிருந்து தெருவுக்கு வெளியேற்றப்பட்டது. மெல்பர்ன் மழையில் குழந்தையை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு நான் தெருவிலிருந்து ஓடி வருவேன். முதலீடு உள்ளே போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். (தங்கம் வாங்கியிருந்தால் கழுத்திலாவது போட்டிருப்பேன்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செயின்ட் கில்டா கடற்கரைக்கு இதில் போய் வரலாமே என்று கேட்டுவிட்டேன்.

"உப்புக் காத்தும்மா. முதலீட்ட யாராவது பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவாங்களா?"

சரி, முதலீடு. அடுத்த வாரமே அமெரிக்காவிலிருந்து, வண்டிக்குப் பூசிப் பளபளப்பாக்க ஒரு டப்பா மெழுகு வந்தது. விலையைப் பார்த்துவிட்டு, முதலீட்டுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்றேன். "மனுஷனுக்கு ஒரு ஹாபி இருக்கக் கூடாதா வித்யா?" என்றார். கடற்கரைக்குக் கேட்டால் முதலீடு, கணக்குக் கேட்டால் பொழுதுபோக்கு. இரண்டு கதவுக்கும் சாவி அவரிடமே இருந்தது.

அடுத்த ஆண்டு கிளென் வேவர்லியில் ஒரு வீடு ஏலத்துக்கு வந்தது. (இங்கே வீடுகளைப் பெரும்பாலும் ஏலத்தில்தான் விற்பார்கள்.) கார்ப்பெட்டில் நாய் வாடை. குளியலறை பச்சை நிறம். ஆனால் நான் விரும்பிய பள்ளியின் எல்லைக்குள் இருந்தது. நான் விடவில்லை. வண்டியை விற்க அவர் விளம்பரம் கொடுத்தார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் முகத்தோடு கொடுத்தார். பலர் வந்தார்கள், எஞ்சினுக்குள் தலையை விட்டார்கள், பெருமூச்சு விட்டார்கள், போனார்கள். கடைசியில் கெவின் என்ற ஓய்வுபெற்ற பெரியவர், சனிக்கிழமை ட்ரெய்லரோடு வருவதாகச் சொன்னார். ட்ரெய்லரோடு வருகிறவர் சும்மா திரும்பமாட்டார். வீட்டின் ஏலம் அதற்கு அடுத்த வாரம்.

இந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து என் மாமியார் போன் செய்தார்.

"ஏம்மா, அந்த வண்டிக்குப் பூசை போட்டீங்களா?"

"இல்ல அத்தை. பெயிண்ட்ல கைரேகை படக்கூடாதுன்னுட்டார்."

"அதானே பாத்தேன். பூசை போடாத வண்டி எப்படிம்மா நல்லபடியா கைமாறும்?"

நான் புள்ளியியல் படித்தவள். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தாளில் எழுதியே காட்டுவேன். ஆனால் பூஜை போடாமல் விட்டு, கெவினும் வாங்காமல் போய்விட்டால்? வெள்ளிக்கிழமையே தேங்காய் வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் செந்தில் வண்டியைத் துடைத்து, சாலையைப் பார்த்து நிற்கும்படி வீட்டு முன் சரிவில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனார். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு குளியல்தான். நிலாவை வாசல் கதவின் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தினேன். அத்தையைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் வைத்தேன். ஹெட்லைட்டுகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பம்பரில் மாலை கட்டினேன். (பெயிண்ட்டைத் தொடவே இல்லை. இதை யாரும் பாராட்டியதில்லை.) சூடம் காட்டி, தேங்காயைச் சாலையோரக் கல்லில் உடைத்தேன். நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

"வண்டி பழத்து மேல ஏறி நசுக்கணும், அப்பதான் கணக்கு" என்றார் அத்தை.

எஞ்சினை எழுப்பினால் குளியலறை வரை கேட்கும். சரிவுதானே, ஹேண்ட்பிரேக்கை எடுத்தால் ஒரு சாண் உருளும், மறுபடி போட்டுவிடலாம் என்று உள்ளே ஏறி உட்கார்ந்து, குடைப்பிடி மாதிரி இருந்த அதைத் தளர்த்தினேன். வண்டி அசையவில்லை. (கியரில் போட்டு நிறுத்தியிருந்தாராம். என்னிடம் யார் சொன்னார்கள்?)

நகராத வண்டி திடீரென்று நகர்ந்தால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. பாதுகாப்புக்காக பிரேக்கை மிதித்தேன்.

எனக்குத் தெரிந்த காரில் இரண்டே பெடல்: வலதில் மிதித்தால் ஓடும், இடதில் மிதித்தால் நிற்கும். இந்தக் காரில் மூன்று. இடதுகோடியில் இருந்தது கிளட்ச். அதுவரை வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தது அந்தக் கியர் ஒன்றுதான். கிளட்ச்சை மிதித்து அதையும் நானே விடுவித்துவிட்டேன். வண்டி நகர நகர நான் இன்னும் பலமாக மிதித்தேன். நான் மிதிக்க மிதிக்க அது இன்னும் சுதந்திரமாக உருண்டது. பழங்களை நசுக்கி, நடைபாதையைக் கடந்து, இடப்பக்கமாகத் திரும்பி (ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்து நிறுத்தியவர் யார்?), தெருவோரம் நின்றிருந்த எங்கள் வெள்ளைக் காரின் வயிற்றில், மாலையும் குங்குமமுமாகப் போய்ப் பதிந்து நின்றது.

"நசுங்கிருச்சா?" என்றார் அத்தை டாஷ்போர்டிலிருந்து.

"நசுங்கிருச்சு அத்தை" என்றேன்.

வாசலில் நிலா கைதட்டினாள். "அகெயின், அம்மா" என்றாள்.

செந்தில் இடுப்பில் துண்டோடும் காதில் சோப்பு நுரையோடும் ஓடிவந்தார். அதே நேரம் தெருமுனையில் ட்ரெய்லர் திரும்பியது. கெவின் இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உடைந்த தேங்காயையும் உடைந்த ஹெட்லைட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு, "இதுவும் சடங்கில் சேர்ந்ததுதானா?" என்று என்னைக் கேட்டார்.

மட்கார்டைத் தடவிப் பார்த்தவர், சரிசெய்துவிடலாம், ஆனால் பிறகு இது ஒரிஜினல் ஆகாது, நான் தேடுவது ஒரிஜினல் என்று சொல்லிவிட்டு, காலி ட்ரெய்லர் கடகடக்கப் போய்விட்டார். அடுத்த வாரம் அந்த வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள்.

எல்லோரும் என்னைத்தான் சொல்கிறார்கள். என் வெள்ளைக் காரைக் கராஜிலிருந்து துரத்தியது நானா? அது அங்கே நின்றிருக்காவிட்டால் எதில் மோதியிருக்கும்? (எதிர்வீட்டு வேலியில். அதை இப்போது பேச வேண்டாம்.)

உண்மையில் என் வயிறு எரிவது அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான். மட்கார்டு புதிதாக வந்தது. ஒரு மாலை செந்தில் அதன் எதிரே நாற்காலி போடாமல் நின்றார். "ஒரிஜினல் போச்சு. இனிமே பொத்தி வெச்சு என்ன பண்றது? பீச்சுக்குப் போலாமா?" என்றார்.

போனோம். அன்று தொடங்கி ஞாயிறு தோறும் போகிறோம். சிக்னலில் முன்பின் தெரியாதவர்கள் கையசைக்கிறார்கள். நிலா ராணி மாதிரி பதிலுக்குக் கையசைக்கிறாள். உப்புக் காற்றை இப்போது யாரும் பொருட்படுத்துவதில்லை. "உன்னாலதான் வித்யா இத ஓட்டுற பாக்கியம் கிடைச்சுது" என்று மனிதர் நெஞ்சாரச் சொல்கிறார். எனக்கும் அந்தப் பயணம் பிடித்துத் தொலைத்திருக்கிறது. வீடு போனதற்கு நான் அழுதேனே, அதற்கு யார் பதில் சொல்வது? நாங்கள் இன்னும் கிளேட்டனில்தான் வாடகைக்கு இருக்கிறோம்.

நண்பர்கள் புதுக் கார் வாங்கினால் போன் செய்து, "பூஜைக்கு நீங்க சிரமப்பட்டு வரவேண்டாம், அங்கேருந்தே வாழ்த்துங்க" என்கிறார்கள். கோயிலில் எலுமிச்சம்பழத்தைக் கண்டாலே செந்தில் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். நிலா தன் வகுப்பில் எழுந்து நின்று இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய ஆசிரியை என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்கிறார்.

போன வாரம் செந்தில் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். இன்னொரு மசில் கார். நீல நிறம். எல்லாம் ஒரிஜினல். "இது நிஜமாவே முதலீடு. தொடவே மாட்டேன். ரெண்டு வருஷத்துல வித்துட்டு நேரா கிளென் வேவர்லி" என்கிறார். முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மதுரையிலிருந்து போனும் வந்தாகிவிட்டது. பூஜை போடாமல் விட்டால் அது மறுபடியும் போர்வைக்குள் தூங்கும். விற்று வீடு வாங்குவார் என்பதை நான் நம்பவில்லை. பூஜை போட்டாலோ, நடக்கப்போவதற்கு நான் பொறுப்பில்லை. கிளட்ச் எது, பிரேக் எது என்று இந்த முறை எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் அனுபவப்பட்டவர்கள் யாராவது, வண்டி வந்து இறங்குவதற்குள் ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள்: எலுமிச்சம்பழம் வாங்கட்டுமா, வேண்டாமா?