கமாண்டோவுக்கு விளையாட்டு வரவில்லை

"இனிமேல் இந்த வீட்டில் வேலை செய்யாதவனுக்குச் சோறு கிடையாது" என்று ஒரு திங்கட்கிழமை காலையில் அறிவித்தேன்.

மருதாம்பாள் தோசைக் கரண்டியோடு திரும்பினாள்.

"அப்ப மத்தியானத்துக்கு உங்களுக்கு என்னங்க பண்றது?"

நான் சொன்னது நாயை.

சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வாட்ச்மேன்களுக்கெல்லாம் நான் சூப்பர்வைசர். எங்கள் எஸ்டேட்டின் காட்டோரத்தில் பன்றி பிடிக்க யாரோ சுருக்குக் கம்பி வைக்கிறார்கள். போன மழையில் பன்றி மாட்டவில்லை. கொழுந்து பறிக்கப் போன காத்தாயியின் கால் மாட்டியது. எலும்பு வரை அறுத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கூடையோடு போக யாருக்கும் தைரியம் வரவில்லை. கம்பியை மோப்பம் பிடிக்க மேனேஜர் சில்வஸ்டர் கோயமுத்தூரிலிருந்து ஒரு நாயை வரவழைத்து என் பொறுப்பில் விட்டார். மழை நின்றதும் வந்து பார்ப்பேன், தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார்.

நான் அதற்குக் கமாண்டோ என்று பெயர் வைத்தேன். மருதாம்பாள் "கண்ணு" என்று கூப்பிட்டாள். கண்ணி தேட வந்தவனுக்குக் கண்ணு! இருபத்தெட்டு வருஷமாக எனக்குக் கிடைப்பது "ஏனுங்க" மட்டும்தான்.

நாயைப் பழக்கியவர் போனில் சொன்னார். "சாப்பாட்டு ஆசையும் விளையாட்டு வெறியும் வளரணும் சார். வேலை செய்யற நாய்க்கு அது ரெண்டும்தான் சம்பளம்."

சம்பளம் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. எஸ்டேட் அனுபவம் சும்மாவா? முதலில் பிடித்தம் செய்ய வேண்டும். தட்டை எடுத்துப் பரண்மேல் போட்டேன்.

கோழிக்கறித் துண்டைக் காட்டி "தேடு!" என்றேன். கமாண்டோ என் முகத்தைப் பார்த்தது. பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பந்தை எறிந்தேன். பந்து போவதையும் பார்த்தது, அதை எடுக்க நான் போவதையும் பார்த்தது. மறுபடி எறிந்தேன். மறுபடி நானே எடுத்து வந்தேன். வாரக் கடைசியில் எனக்கு நல்ல பயிற்சி. தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் வாளியைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பட்டினி கிடக்கிற நாய் இளைக்க வேண்டும். இது மினுமினுத்தது. எனக்குச் சந்தேகம் வந்தது.

"மருதா, நீ அதுக்குச் சோறு போடறயா?"

"பாவமுங்க. வாயில்லாத சீவன்."

"உன் கையால ஒரு வாய் கொடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியமா என் கையால குடுக்கலீங்க. போதுங்களா?"

அதன் பிறகும் நாய் மினுமினுத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பாதி வழியில் திரும்பிக் கொல்லைப்புறமாக வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

படியில் காத்தாயி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தோட்டத்தில் மருதாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். அவள் கையில் என் பழைய ஸ்வெட்டரின் ஒரு கை. அதன் மறு நுனி கமாண்டோ வாயில். இரண்டு பேரும் இழுத்தார்கள். அவள் விட்டுக்கொடுத்தாள். அது ஜெயித்துவிட்டு ஒரு சுற்று ஓடி வந்து, "மறுபடியும்" என்பதுபோல் அவள் கையிலேயே திணித்தது.

பிறகு அவள் "தேடு கண்ணு" என்றாள். நாய் செடிச் சட்டிகளை ஒவ்வொன்றாக மோந்து வந்து ஒரு சட்டியருகே சட்டென்று உட்கார்ந்தது. சட்டிக்கு அடியில், நாங்கள் பிடுங்கி வந்து ஷெட்டில் போட்டிருந்த சுருக்குக் கம்பித் துண்டு. பக்கத்திலேயே அவித்த முட்டைத் துண்டு.

வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"சத்தியம் பண்ணினயே!"

"என் கையால குடுக்கலீங்களே. அதுவா தேடி எடுத்துக்குது."

"நான் இத்தனை நாள் வேர்வை சிந்தினேன். நீ இங்க விளையாடிட்டு இருக்கறயா?"

"ஆமாங்க. போன்ல நாயைப் பழக்கினவரும் விளையாட்டுத்தானே கேட்டாரு? பந்து எறியறப்ப உங்க மூஞ்சி எப்புடி இருக்குது தெரியுங்களா? மாட்டைத் தொலைச்சவனாட்டம். அது திட்டு வாங்கறோம்னு நெனைக்குதுங்க."

"ஆமாண்ணே," என்றாள் காத்தாயி. "எனக்கே பயமா இருந்துச்சு."

பிள்ளைகள் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதுகூட அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அந்த நாயோடு விளையாடவே இல்லை. விளையாட்டு என்ற ஒரு வேலையை வாங்கிக்கொண்டிருந்தேன். வீட்டிலும் அப்படித்தானோ என்னவோ.

"கொடு" என்று ஸ்வெட்டர் கையை வாங்கினேன். நாய் என்னைப் பார்த்தது.

"சிரிங்க" என்றாள் மருதாம்பாள்.

சிரித்தேன். நாய் ஓரடி பின்வாங்கியது.

இன்னொரு முறை முயல்வதற்காகக் காலை முன்னால் வைத்தேன். மழையில் ஊறிய மண். மல்லாக்க விழுந்தேன். மருதாம்பாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காத்தாயி படியில் சாய்ந்தேவிட்டாள். சேற்றில் கிடந்தபடியே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. கமாண்டோ பாய்ந்து வந்து ஸ்வெட்டர் கையைக் கவ்வி, என்னையும் சேர்த்து இழுத்தது.

அன்று முதல் நானும் தினமும் போனேன். சட்டிக்கு அடியில் இருந்த கம்பி மெல்ல மெல்லத் தேயிலைச் செடிகளுக்குள் போயிற்று.

மழை நின்றதும் சில்வஸ்டர் வந்தார். மருதாம்பாளுக்கு வீட்டில் வேலை இருந்தது. நானே நாயைக் காட்டோரம் கூட்டிப்போனேன். மேனேஜர் ஆள் வைத்து ஒளித்திருந்த கம்பிகளையெல்லாம் அது கண்டுபிடித்தது. திரும்பும் வழியில் ஓடைப்பக்கம் ஒரு புதருக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தது. அங்கே யாரும் எதையும் ஒளிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். நிஜமான சுருக்கு, புதுக் கம்பி. அதைத் தாண்டினால் மறுநாள் கொழுந்து பறிக்க வேண்டிய இடம். கூட வந்த காத்தாயி குனிந்து நாயின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"பிரமாதம் மயில்சாமி! எப்படிப் பழக்கினீங்க?" என்றார் சில்வஸ்டர்.

மருதாம்பாள் பெயர் தொண்டை வரை வந்தது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"எல்லாம் ஒரு முறை இருக்குங்க சார்" என்று ஆரம்பித்தேன். பசியைப் பற்றிச் சொன்னேன். விளையாட்டைப் பற்றி விரிவாகச் சொன்னேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று செய்தே காட்டினேன்.

சாயங்காலம் மருதாம்பாள் டீ கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, நாளையிலிருந்து கண்ணுவைக் காட்டோரம் கூட்டிட்டுப் போற வேலை எனக்குத்தானுங்க. மேனேஜர் போன வாரமே சொல்லிட்டாரு."

"போன வாரமா? இன்னைக்குத்தான அவர் நாயோட வேலையையே பாத்தாரு?"

"காத்தாயி போய்ச் சொல்லி, ரெண்டு தடவ வந்து வேலியோரமா நின்னு பாத்தாருங்க. நீங்க ஃபேக்டரிக்குப் போயிருந்தீங்க."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்ப நான் சொன்னதெல்லாம்...?"

"சிரிச்சிடக் கூடாதேன்னு கோட்டுக் காலரைக் கடிச்சுட்டு நடுங்கிட்டு நின்னாராமா. காத்தாயி சொன்னா. நீங்க பாக்கலீங்களா?"

பார்த்தேன். பாவம், குளிருகிறது என்று என் மஃப்ளரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.