பதினோராவது கொட்டேஷன்

கொட்டேஷன் வாங்கிகள் என்று ஓர் இனம் உண்டு. பொருள் வாங்குகிறவர்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பொருள் வாங்குகிறவர் விலையைக் கேட்பார், முகம் சுளிப்பார், பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். கொட்டேஷன் வாங்கிக்குத் தூக்கம் ஏது? விலை கேட்பதில்தான் அவர் உயிர் இருக்கிறது. வாங்கிவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. இவர்கள் இல்லாத ஊர் கிடையாது; ஆனாலும் விஸ்கான்சின் மாநிலத்து ஓஷ்காஷ் ஊரில் நன்றாகக் கொழுத்து வளர்கிறார்கள்.

காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆர்வின் டீட்ஸை எடுத்துக்கொள்வோம். அவர் வீட்டு நிலவறையில் நின்று இருபத்தேழு வருஷம் எல்லா அறைக்கும் சூடான காற்று அனுப்பிய ஃபர்னஸ், அக்டோபர் கடைசியில் மண்டையைப் போட்டது. சோதிக்க வந்த எரிவாயுக் கம்பெனி ஆள், உள்ளே விரிசல், விஷவாயு கசியும் என்று சொல்லிக் குழாயை மூடி, ஒரு சிவப்புச் சீட்டையும் கட்டிவிட்டுப் போனார். கொல்லையில் நிற்கும் ஏசிக்கும் அதே வயசு. இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்தி என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆர்வின் யாரைக் கேட்டார்? எல்லாரையும் கேட்டார்.

சாவகாசமாகக் கேட்கிற காரியமா இது? மகள் க்ரெட்சனுக்குத் தலைப்பிரசவம் ஆகியிருந்தது. நவம்பர் நாலாம் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குக் கன்சாஸிலிருந்து பேத்தி முதல்முறையாக வருகிறாள். க்ரெட்சன் போனில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்: "வீடு சூடா இருந்தா அங்க வர்றோம்மா. இல்லேன்னா ஆப்பிள்டன்ல மாமியார் வீட்லயே இருந்துக்கறோம். கைக்குழந்தை, பாரு." ஆர்வினின் மனைவி லொரெய்ன் மாடி அறையில் தொட்டிலைப் பூட்டி, புதுத் துணி விரித்து, மேல்கோட்டும் கையுறையுமாக அதன் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளுக்கு வேண்டியது அந்தத் தொட்டிலில் ஒரு குழந்தை. வேறு ஒன்றும் இல்லை.

"இன்னும் நாலு வாரம் கிடக்கே," என்றார் ஆர்வின்.

கொட்டேஷன் கொடுக்க ஆள் வரும் நாளில் ஆர்வின் செய்வதைப் பார்க்க வேண்டும். புது வண்டியைக் கராஜுக்குள் ஒளித்துவிடுவார், இருப்பதிலேயே பழைய சட்டையாக ஒன்றைத் தேடி எடுப்பார், அதுவும் அரைக்கைச் சட்டை. ஏனென்றால் நாம் குளிரில் தவிக்கிறோம் என்று தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவானாம்.

"குளிரலையா சார்?" என்று கேட்பான் வந்தவன்.

"எனக்கா? இப்பதான் ஜன்னலை மூடினேன்." பேசும்போதே வாயிலிருந்து ஆவி வரும்.

வந்தவன் சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறப்பான். நல்லது, மிக நல்லது, எல்லாவற்றிலும் நல்லது என்று மூன்று விலை இருக்கும். மூன்றாவதை வாங்கினால் ஃப்ளோரிடாவில் இருந்துகொண்டே போனைத் தட்டி ஓஷ்காஷ் வீட்டைச் சூடாக்கலாம்.

"ரொக்கமா குடுத்தா?"

"அதே விலைதான் சார்."

"ஏசியை விட்டுட்டா?"

"கொஞ்சம் குறையும்."

"ஃபர்னஸை விட்டுட்டா?"

வந்தவன் லொரெய்னைப் பார்ப்பான். லொரெய்ன் கூரையைப் பார்ப்பாள். அப்புறம் ஆர்வின் எழுந்து, "யோசிச்சுச் சொல்றேன்," என்பார். இந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் அவ்வளவு நேரமும் அவர் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குச் சந்தேகம்.

ஏழாவதாக வந்தவர் கென் யோஸ்ட். டேப்லெட் கிடையாது. நிலவறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டும் சேர்த்து ஒன்பதாயிரத்து எண்ணூறு டாலர். செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்பட்டுமா?" என்றார். லொரெய்ன் ஓடிப்போய்ப் பேனா எடுத்துவந்தாள். ஆர்வின் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"அதைவிடக் குறைச்சலா யாரு குடுப்பா, ஆர்வின்?"

"இவ்வளவு குறைச்சலா சொல்றான்னா இன்னும் குறைக்க முடியும்னுதானே அர்த்தம்?"

இன்னும் நான்கு பேர் வந்து போனார்கள். பதினோராவது கொட்டேஷனும் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை, ஆர்வின் ஒருவழியாகக் கென் யோஸ்ட்தான் என்று முடிவு செய்தார். செய்தவர் போனை எடுத்தாரா? "நாமளா கூப்பிட்டா இளக்காரம். அவனே கூப்பிடட்டும்," என்று சொல்லிப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சனிக்கிழமை போன் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கவில்லை. திங்கட்கிழமை அவரே கூப்பிட்டார்.

"மெதுவா பேசுங்க," என்று கென்னின் குரல் கிசுகிசுத்தது. "மரத்து மேல உக்காந்திருக்கேன்."

மான் வேட்டை. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள், விஸ்கான்சினில் துப்பாக்கி தூக்கத் தெரிந்தவன் எவனும் ஊரில் இருக்கமாட்டான். ஃபர்னஸ் மாட்டுகிறவர்கள் அத்தனை பேருக்கும் தூக்கத் தெரியும். இது ஆர்வினுக்குத் தெரியாதா? அறுபத்தாறு வருஷம் இங்கேயே இருப்பவர்! இந்த வருஷம் தன் மச்சினன் வேட்டைக்குக் கூப்பிட்டபோது, கொட்டேஷன்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இருக்கிறது, வரமுடியாது என்று சொன்னவரே அவர்தான். தான் போகவில்லை என்றதும் ஊரில் ஒருவரும் போகவில்லை என்று நினைத்துவிட்டார்.

"எப்ப ஆள் அனுப்புவீங்க?"

"அடுத்த திங்கள். இவ்வளவு நேரம் ஒரு மான் வந்துக்கிட்டிருந்துது சார். இப்ப போயிடுச்சு."

"சரி, அந்த ஒன்பதாயிரத்து எண்ணூறுல கொஞ்சம்..."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மற்ற பத்துப் பேர் போனிலும் இயந்திரம்தான் பேசியது. லொரெய்ன் மாடிக்குப் போய்த் தொட்டிலைக் கழற்றினாள். திருகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக மேஜையில் வைத்தாள். அன்றிலிருந்து அவரிடம் பேசவில்லை.

வியாழக்கிழமை விருந்து ஆப்பிள்டனில், சம்பந்தி ரோலண்ட் வீட்டில் நடந்தது. வீடு இதமாக இருந்தது. குழந்தை மெல்லிய சட்டையோடு கால்களை உதைத்துக்கொண்டிருந்தாள். ஆர்வின் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரில் காற்று வரும் ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தார்.

"புது ஃபர்னஸா?"

"ஜூன்ல மாத்தினேன். ஏசியோட பதினெட்டாயிரம். மொதல்ல வந்தவன்கிட்டயே குடுத்துட்டேன், யாரு அலையறது," என்றபடியே ரோலண்ட் பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆர்வினுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார், குழாயை முகர்ந்து பார்த்தார், மனக்கணக்குப் போட்டார். இந்த நான்கு வாரத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. படியேறி வந்து மனைவியின் காதில் சொன்னார்: "ரோலண்ட் எட்டாயிரத்து இருநூறு ஏமாந்துட்டான்."

மூன்று நாளுக்குப் பிறகு லொரெய்ன் அவரிடம் வாய் திறந்தாள்.

"குழந்தை இப்பதான் சிரிச்சா. மொதல் சிரிப்பு."

"யாரைப் பார்த்து?"

"ரோலண்டைப் பார்த்து."

ஆர்வின் குழந்தைக்கு முன்னால் மண்டியிட்டார். நாக்கை நீட்டினார், காதை ஆட்டினார், பூனை மாதிரி கத்தினார். குழந்தை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகத் தலையைத் திருப்பிக்கொண்டது.

ஆர்வினை நினைத்து உங்களுக்கு எரிச்சல் வந்திருக்கும். வரவேண்டியதுதான். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: ஒன்பதாயிரத்து எண்ணூறு, பதினெட்டாயிரம் என்று படித்தபோது, இரண்டும் ஒரே கம்பெனிப் பெட்டிதானா, உத்தரவாதம் எத்தனை வருஷம் என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி எழுந்ததா இல்லையா? எழுந்திருந்தால் இதை இங்கேயே வைத்துவிட்டு எழுந்து போங்கள். அடுத்த அறையில் யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள்.