ஓக் மரத்தடிச் சங்கத்தை நாரை இணைத்த கதை

ஐரோப்பாவின் நடுவில், வெயில் அடித்தாலே விடுமுறை விட்டுவிடும் ஒரு காட்டில், அணில் ஒன்று இருந்தது. குளிர்காலத்துக்குப் புதைத்த ஓக் விதைகளை எங்கே புதைத்தோம் என்று மறப்பது அணில் குலத்தின் பரம்பரை வியாதி. இதுவோ படித்த அணில். நானூறு விதைகளைப் புதைத்து, இடங்களைத் தானே எழுதிய புரோகிராமில் ஏற்றி வைத்திருந்தது. இலையுதிர் காலத்தில் அந்தப் புரோகிராம் படுத்துவிட்டது. எதைக் கேட்டாலும் "ஆற்றின் நடுவில் தோண்டு" என்றது.

அணில் பதறவில்லை. மாதத்தின் முதல் செவ்வாயன்று மென்பொருள் எழுதும் ஏழு பிராணிகள் ஓக் மரத்தடியில் கூடும். யாருடைய புரோகிராம் மக்கர் செய்தாலும், அது ஓடும்வரை ஒருவரும் வீடு திரும்பக் கூடாது. சங்கத்துக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

அந்தச் செவ்வாய் பார்த்துத்தானா நாரை வந்து இறங்க வேண்டும்! குளிருக்குப் பயந்து தெற்கே போகிற வழியில் வந்திருந்தது.

"முப்பது காட்டுல இதே மாதிரி முப்பது சங்கம் இருக்கு. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. என்ன அநியாயம்! நான் இணைச்சு வைக்கிறேன்" என்று இறக்கைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்தது.

"அண்ணே, என் புரோகிராம்..." என்று பக்கத்திலிருந்த சங்கத்து முள்ளெலியிடம் இழுத்தது அணில்.

"சும்மா இரு தம்பி. கண்டமே ஒண்ணு சேருது, உனக்கு உன் விதைதான் பெருசாப் போச்சா?" என்றது முள்ளெலி. நேற்றுவரை தங்கமான பிராணி.

தலைவர், செயலாளர், தொடர்பாளர் என்று படிவத்தில் ஆறு பதவிகள். ஆறு பிராணிகள் ஆளுக்கொன்றைக் கவ்விக்கொண்டன. மிச்சமிருந்த அணில் 'சாதாரண உறுப்பினர்' ஆனது. நாரை பறந்துவிட்டது.

அடுத்த மாதக் கூட்டம் சங்கத்தின் சின்னத்தைப் பற்றி. அதற்கடுத்தது, முப்பது சங்கங்களும் எப்போது கூடுவது என்று பேச எப்போது கூடலாம் என்பதைப் பற்றி. அணில் கை தூக்கியபடியே இருந்தது.

"கோரிக்கையெல்லாம் என் வழியாத்தான் போகணும்" என்ற தொடர்பாளர் நரி, அணிலின் கோரிக்கையை நாரைக்கு அனுப்பி வைத்தது. முதல் பனி விழுந்த அன்று பதில் வந்தது: "ஆப்பிரிக்காவில் இருக்கிறேன். வசந்தத்தில் பார்க்கலாம்."

அணில் மரப்பட்டையைச் சுரண்டித் தின்று, பாவம், எலும்பும் தோலுமாகக் குளிரைத் தாண்டியது. வசந்தம் வந்ததும் நானூறு விதைகளும் முளைத்துத் தாம் இருந்த இடத்தைத் தாமே காட்டின. திரும்பி வந்த நாரை அதைப் 'பசுமைத் திட்டம்' என்று ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டு, மாநாடு கூட்டியது. ஓக் விதை விருந்து தடபுடல்.

வாசலிலேயே நரி மறித்தது. "உறுப்பினருக்கு வரவேற்புரை மட்டும்தான். பந்தி பொறுப்பாளர்களுக்கு."

அணில் ஒரு நிமிடம் யோசித்தது.

"நான் உறுப்பினர்னு யார் சொன்னது? ஓடாத புரோகிராம்களுக்கான ஐரோப்பியப் பேரவையோட ஒருங்கிணைப்பாளர் நான்!"

நாரை ஓடி வந்து கட்டிக்கொண்டது. முதல் பந்தியில், நடு இலை.

நாலாவது விதையை மெல்லும்போது அகழெலி ஒன்று அழுதுகொண்டே வந்தது. "அண்ணே, என் சுரங்க வரைபடப் புரோகிராம் படுத்துருச்சு. குட்டிங்க உள்ளே மாட்டிக்கிட்டு இருக்கு!"

அணில் வாய் நிறைய விதையோடு நிமிர்ந்தது.

"படிவம் நிரப்பினியா தம்பி?"

நீதி: தவித்த வாய்க்குத் தண்ணீர் கேட்டு அலையாதே, தாகத்துக்கு ஒரு பேரவை தொடங்கு, விருந்தே கிடைக்கும்.