கவைக்குச்சிக்குத் தெரியாத டீசல்

எண்ணெய் விலை ஏறினால் ஓட்டம் குறையும் என்பார்கள். அந்த ஊரில் கூடியது. டீசல் விலை மறுபடியும் ஏறிய வாரத்தில் ஊரே, எண்ணெய் ஞானி என்று பேர் வாங்கிய ஒருவரின் பின்னால் ஓடியது. அந்த ஓட்டத்துக்கு டீசல் வேண்டியிருக்கவில்லை. ஆசையே போதுமானதாக இருந்தது.

ஞானி, நுனி இரண்டாகப் பிரிந்த ஒரு கவைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு வீடுவீடாக நடப்பார். குச்சி குனிந்தால் அடியில் கச்சா எண்ணெய். அது பெரும்பாலும் கிணற்றடியில்தான் குனிந்தது.

"தண்ணி மேல உக்காந்து எண்ணெயை அமுக்குது. கிணத்தை மூடினா எண்ணெய் தானா எழும்பும்," என்பார்.

மூடுவதற்குக் கட்டணம் உண்டு. எழும்பும் நாள் மட்டும் ஞானிக்கே தெரியாது. எண்ணெய்க்கு அவ்வளவு அடக்கம்.

மேலத் தெருவில் கிணறுகளை மூடிவிட்டார்கள். எண்ணெய் வரவில்லை, தண்ணீர் லாரி வந்தது. லாரி ஞானியின் மச்சானுடையது. உறவு என்று எதற்கு இருக்கிறது?

அடுத்தது வேன்காரர் வீட்டுக் கிணறு. பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். விலை ஏறும் ஒவ்வொரு நாளும் தூக்கம் கெட்டவர். சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் கோடையிலும் வற்றாத கிணறு அது ஒன்றுதான்.

"எண்ணெய் வந்தா வேனை அதிலயே ஓட்டலாம்," என்றார் மனைவியிடம்.

"கச்சா எண்ணெயை ஊத்தினா வேன் இருமியே செத்துடும். அதுசரி, தாகம் எடுத்தா எதைக் குடிக்கிறதா உத்தேசம்?"

ஞானிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கல்லும் மண்ணும் ஏற்றிய லாரி வாசலில் நின்றது.

முற்றத்தில் கூட்டம். ஞானி நடந்தார். கிணற்றடியில் குச்சி குனிந்தது. கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது.

வேன்காரரின் மனைவி முன்னால் வந்தாள். "ஐயா, ஒரு சந்தேகம். குச்சி கச்சா எண்ணெய்க்கு மட்டும்தான் குனியுமா?"

"எண்ணெய்ல பெரிசு சின்னது ஏதும்மா? டீசலோ பெட்ரோலோ, ஒரு படி இருந்தாலும் பூமிக்குள்ளருந்து என்னைக் கூப்பிடும்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? அப்ப முற்றம் பூரா ஒரு சுத்து பாத்துடுங்கய்யா. கிணத்தை மூடின பிறகு வேற இடத்துல இருக்குன்னா நல்லாவா இருக்கும்?"

ஞானி சுற்றினார். களைத்துப்போய், செங்கல் அடுக்கின் மேல் கிடந்த பலகையில் உட்கார்ந்தார். அந்தப் பலகை வேண்டாம் என்று சொல்ல வேன்காரர் வாயெடுத்தார். மனைவி பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது.

"இங்க எப்படிங்கய்யா?"

"சுத்த வறட்சி. சொட்டு கிடையாது."

"நிச்சயமா?"

"குச்சி பொய் சொல்லாதும்மா."

"கொஞ்சம் எந்திரிங்க."

பலகையைத் தூக்கினாள். அடியில், செங்கற்களுக்கு நடுவே, கழுத்துவரை டீசல் நிரம்பிய கேன். விலை இன்னும் ஏறுமென்று பயந்து வேன்காரர் வாங்கிப் பதுக்கியது. பெண்டாட்டிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார். முற்றத்தைத் தினமும் பெருக்குவது யார் என்று அவர் யோசித்ததில்லை. மூடியைத் திருகியதும் கடைசி வரிசைவரை வாடை போனது.

"பாதாளமே தெரியுற குச்சிக்கு, பலகைக்கு அடியில தெரியலையாக்கும்," என்றார் பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

"அது கடையில வாங்கினது," என்றார் ஞானி. "பூமியில பிறந்ததுக்குத்தான்..."

"டீசல் பின்ன எங்க பிறந்துச்சு? வானத்துலயா?" என்றாள் வேன்காரரின் மனைவி.

அவள் குச்சியை வாங்கினாள். இரு கவையையும் பிடித்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் திருப்பினாள். குச்சி அழகாகக் குனிந்தது, அம்மிக்கல்லைப் பார்த்து. மேலத் தெருக்காரர் ஒருவரும் வாங்கித் திருப்பினார். அவருக்கும் குனிந்தது. அவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு ஞானியின் தோளில் கைபோட்டார். "வாங்க. எங்க கிணத்துல கொட்டின கல்லை எடுக்கணும். மச்சானையும் கூப்பிடுங்க."

கூட்டம் கலைந்தபின் வேன்காரர் மெல்லக் கேட்டார். "நிஜமாவே எண்ணெய் இருந்திருந்தா?"

அவள் வாளியைக் கிணற்றில் இறக்கிக்கொண்டிருந்தாள். "நிஜக் கம்பெனி நிஜ மெஷினோட வந்தாலும் இதேதான் கேப்பேன். எடுக்கிறது யாருக்கு, தண்ணி கெடுறது யாருக்கு? அதுக்குப் பதில் வரட்டும், பிறகு தோண்டலாம்."

குச்சி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. யார் பிடித்தாலும், பிடித்தவர் ஆசைப்பட்ட இடத்தில் குனிகிறது. குனிவது குச்சியோடு நிற்கட்டும். தலை இருப்பவர்கள் நிமிர்ந்து யோசியுங்கள்.