இத்தாலிக்கு அரைப்பேர் போட்ட அக்கா

இத்தாலி மலைகளைப் பார்த்து வாயைப் பிளக்காமல், வாயைத் திறந்து திட்டிய ஒரே மனுஷி உலகத்திலேயே எங்கள் கங்காணி அக்காதான். மற்றவர்கள் எல்லாம் அங்கே போய் போட்டோ எடுத்துத் தள்ளுகிறார்கள். அக்கா வேனிலிருந்து இறங்கினார், இடுப்பில் கை வைத்து அந்தப் பள்ளத்தாக்கை ஒரு சுற்று பார்த்தார், கேட்டார்:

"இம்புட்டு மலைய ஒரு தேயிலைச் செடிகூட வைக்காம சும்மா போட்டு வச்சிருக்கானுங்களே, இவனுங்களுக்கெல்லாம் யாரு தம்பி வேல குடுத்தது?"

குவைத்தில், மங்காஃபில், ஒரே வீட்டில் எங்களுக்கு வேலை. நான் டிரைவர், புதுக்கோட்டைக்காரன். அக்காவுக்குச் சமையலும் பிள்ளைகளும். இலங்கை மலையகத்தில் இருபது வருஷம் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர். கங்காணி என்றால் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கிறவர். அக்கா ஒருநாளும் கங்காணியாக இருந்ததில்லை, வாய் மட்டும் அந்தப் பதவியில் இருந்தது. அங்கே பறித்த கொழுந்து எடை குறைந்தால் அன்றைக்குப் பாதி நாள்தான் பதிவார்களாம். அதற்குப் பெயர் அரைப்பேர். அக்கா கண்ணில் பட்டதற்கெல்லாம் அரைப்பேர் போடுவார். வாஷிங் மெஷின் அரைப்பேர். குவைத்தின் மழை அரைப்பேர். நான் வண்டியை நிறுத்துகிற லட்சணம் அரைப்பேருக்கும் கீழே.

இவ்வளவு பேசுகிற அக்காவை ஆறு வருஷமாக ஊருக்கு அனுப்பவில்லை. ரம்ஜான் முடியட்டும், பிள்ளைகள் பரீட்சை முடியட்டும், கோடை முடியட்டும் என்று வீட்டுக்கார மேடம் தள்ளிக்கொண்டே போனார். நடுவில் அக்காவின் புருஷன் இறந்துபோனார். சமையற்கட்டில் போனைப் புளி டப்பா மேல் சாய்த்து வைத்து, அக்கா சவ ஊர்வலத்தைப் பார்த்தார். அழவில்லை. பாடை தூக்கியவர்களைப் பார்த்து, "டேய், அந்தப் பக்கம் வழுக்கும்டா, மேட்டு ரோட்டால போங்க!" என்று அதட்டினார். அவர்களும் போனுக்குப் பயந்து மேட்டு ரோட்டுக்கே திரும்பினார்கள். அதன் பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதினாறு பேருக்கு மீன் பொரித்தார். அன்றைக்கு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் முதலாளியை பாபா என்போம். அவருக்கு டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்ல, அவர் குவைத் வெயிலுக்குப் பயந்து வடக்கு இத்தாலியில் ஒரு பள்ளத்தாக்கில் மூன்று வாரத்துக்குக் கல்வீடு பிடித்தார். கிளம்புவதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முந்தைய வருஷம் ஐரோப்பாவில் அவர்கள் வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி நடந்தே மாயமாகிவிட்டாள். அப்போதிருந்த டிரைவரை ஒரே வாரத்தில் ஊருக்கு அனுப்பினார்கள். அந்த இடத்துக்குத்தான் நான் வந்திருந்தேன்.

"சமையல்காரி உன் பொறுப்பு. போனால் நீயும் கலாஸ்" என்றார். அரபியில் கலாஸ் என்றால் கதை முடிந்தது.

எனக்கோ ஊரில் மனைவிக்கு ஏழாவது மாசம்.

இத்தாலியில் அக்காவுக்குக் கால் முளைத்துவிட்டது. பாபா ஆயிரம் கியர் வைத்த சைக்கிளில், இறுக்கமான டவுசரில், மூச்சு வாங்கி மேடு ஏறுவார். பிள்ளைகள் வாடகைக் குதிரையில் போவார்கள். அக்கா சாப்பாட்டுக் கூடையின் கயிற்றைக் கொழுந்துக் கூடை மாதிரி உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்பில், குதிரையையும் சைக்கிளையும் தாண்டிப் போய், மேலே பாய் விரித்துவிட்டுக் காத்திருப்பார். பாபா வந்து சேரும்போது பிரியாணி ஆறியிருக்கும். பழி அக்காவுக்குத்தான்.

போகிற வழியில் கை சும்மா இருக்காது. எந்தச் செடியைப் பார்த்தாலும் நுனியைக் கிள்ளிக் கூடையில் போடுவார். ஒரு கிழவி தன் தோட்டத்து வேலியை அக்கா மொட்டையடித்ததைப் பார்த்து உருட்டுக்கட்டையோடு ஓடி வந்தாள். அக்கா தமிழில் திட்ட, அவள் இத்தாலிய மொழியில் திட்ட, அரைமணி நேரத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சோளக்களி தின்றுகொண்டிருந்தார்கள்.

"நம்ம குரக்கன் களிதான் தம்பி. பவுடர் பூசி வச்சிருக்கா."

குரக்கன் என்றால் எங்கள் ஊர்க் கேழ்வரகு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரமும் அக்காவின் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வாசலில் அது கிடந்தால்தான் டீ இறங்கும்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், குடும்பம் முழுக்கக் குதிரைகளோடு ஆற்றோரம் போயிருந்தது. நான் டீசல் போட்டுவிட்டுத் திரும்பினேன். சமையற்கட்டு துடைத்திருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அக்காவின் துணிப்பையும் இல்லை, செருப்பும் இல்லை.

பாபாவின் சைக்கிளை எடுத்தேன். பாறைகளில் வழி காட்டச் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கால் மணி நேரத்தில் சைக்கிள் என்மேல் ஏறிக்கொண்டது. மாடு மேய்த்த ஒரு கிழவரிடம், தலையில் கூடை மாட்டுகிற மாதிரி நடித்துக் காட்டினேன். அவர் மலை உச்சியைக் காட்டினார். பிறகு கையை விர்ரென்று வீசி ஒரு விசில் அடித்தார். அக்காவின் வேகமாம். இரண்டு தடவை விழுந்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. அக்கா மேல் வந்த கோபத்தில் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டியதும் உண்மை.

உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் ஒரு தார் ரோடு. ஓரத்தில் சின்ன வெள்ளைக் கார். முன் சீட்டில் அக்கா, மடியில் துணிப்பை. ஸ்டியரிங்கில் அக்காவின் மலையகத் தோட்டத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி. மிலானில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தவள், அக்காவைக் கூட்டிப் போக வந்திருந்தாள். கார் கிளம்பி நகர்ந்த நேரத்தில் நான் சைக்கிளோடு எதிரே போய் விழுந்தேன்.

அக்கா கண்ணாடியை இறக்கினார். "என்னா தம்பி, கால்ல ரத்தம்?"

"விழுந்துட்டேன்க்கா."

"பாபா சைக்கிளா? பெயின்ட்டெல்லாம் போயிருச்சே." கொஞ்ச நேரம் என் முழங்காலையே பார்த்தார். "நான் போயிட்டா ஒன்னைய என்னா செய்வாங்க?"

ஒன்றும் செய்ய மாட்டார்கள், போங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய். நான் சொல்லவில்லை.

"அனுப்பிருவாங்கக்கா. அவளுக்கு ஏழு மாசம்."

அக்கா முன்னால் நீண்டு கிடந்த ரோட்டைப் பார்த்தார். அப்புறம் கதவைத் திறந்து இறங்கினார். கார்க்காரப் பெண் கத்தினாள். "பெரியம்மா, பைத்தியமா ஒனக்கு? இன்னொரு தடவ கெடைக்குமா இது?"

"இவனப் பாரும்மா. இந்த ஏத்தத்துல தனியா விட்டா செத்துப் போவான்."

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளியது அக்காதான். வழியில் ஒரு செடியையும் கிள்ளவில்லை. எதற்கும் அரைப்பேர் போடவில்லை. கீரை பறிக்கப் போய் வழி தவறிவிட்டார், நான் தேடிப் போனேன் என்று மேடத்திடம் சொன்னோம். மேடம் என் முழங்காலையும் அக்காவின் துணிப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். குவைத் திரும்பியதும் அக்காவின் போனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

எனக்குப் பெண் பிறந்தது. அக்கா என் போனில் குழந்தையைப் பார்த்து, "மூக்கு ஒன்னையமாரி, அரைப்பேரு" என்றார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த கோடையிலும் இத்தாலிதான். இந்த முறை அக்கா வரவேண்டாம், மேடத்தின் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றார் பாபா. அந்த மலை வளைவுகளில் அவர் பிள்ளைகளை வைத்து ஓட்ட என்னை விட்டால் அவருக்கு ஆள் இல்லை. அது எனக்கும் தெரியும். "அக்காவை ஊருக்கு அனுப்புங்க பாபா. அனுப்பினாத்தான் நான் ஓட்டுவேன்" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் தாடியைத் தடவினார். "அவள் போகட்டும். கோடை முடிந்ததும் நீயும் கலாஸ்."

சரி என்றேன். அக்கா காப்பாற்றிக் கொடுத்த வேலை அப்படிப் போனது. இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் டிக்கெட்டைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் நான்தான் அக்காவை ஏர்போர்ட்டுக்கு ஓட்டிப் போனேன். குவைத்தில் அது லீவு நாள், ரோட்டில் ஈ, காக்கை இல்லை.

"ஏன் தம்பி இப்புடி உருட்டுற? வண்டிக்கு ஒடம்பு சரியில்லியா?"

"ஆமாக்கா" என்றேன். அரைமணி நேரப் பாதையை ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினேன். அக்காவை இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.