மரநாய் சிங்காரமும் அரிவாள் நட்ட கல்லும்

ஒரு காட்டில் ஒரு பாழுங்கோட்டை இருந்தது. மனிதர்கள் எந்தக் காலத்திலோ கட்டி, எந்தச் சண்டையிலோ தோற்று, அப்படியே போட்டுவிட்டுப் போனது. நெடுங்காலம் அதற்குப் பாம்புப்புதர் என்றுதான் பெயர். சொன்ன பேச்சுக் கேட்காத குட்டிகளை மிரட்டுவதற்கு மட்டும் அது பயன்பட்டது. பிறகு சிங்கராஜாவின் அரசு அதைப் 'பாரம்பரியப் பகுதி' என்று அறிவித்தது. மறுநாளே எல்லோர் கண்ணுக்கும் அதன் அழகு தெரிந்துவிட்டது.

மயில் அங்கே தினைப் பணியாரக் கடை போட்டது. பணியாரம் சிறியது, தட்டு பெரியது. மான்கள் 'பசும்புல் அனுபவம்' என்று ஒன்றைத் திறந்து, வெளியே சும்மா கிடக்கிற புல்லை உள்ளே வரிசையில் நிற்கவைத்துத் தின்னக் கொடுத்தன. வரிசையில் நிற்பதற்கும் ஆள் இருந்தது. அந்தக் காட்டின் அறிவுக்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

இதையெல்லாம் கேள்விப்பட்டு ஆசையில் விழுந்தவன் சிங்காரம் என்ற மரநாய். பனந்தோப்பில் பிறந்து வளர்ந்தவன். கள் என்றால் அவனுக்கு உயிர். அவன் மனைவி ராக்காயி வைக்கிற நண்டுக் குழம்புக்குத் தோப்பே சொக்கிப்போகும். இரண்டும் ஒரே இலையில் கிடைத்தால் கோட்டைவாசிகள் குப்புற விழுவார்கள் என்று அவன் கணக்குப் போட்டான். கணக்கில் தப்பில்லை. ஆனால், பரம்பரையாகக் குடியிருந்த பனையை ஒரு பருந்துக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு மூட்டையைக் கட்டினான் பாருங்கள், அதுதான் வினை. பருந்து வந்த வேகத்தில் கூடு கட்டி முட்டையும் போட்டுவிட்டது. இனித் திரும்பிப் போக இடமில்லை.

கோட்டையில் இடம் ஒதுக்குவது பாரம்பரியக் குழு. தலைவர் கூர்மநாதன் என்ற கிழட்டு ஆமை. அவர் வாழ்நாளில் செய்த ஒரே சாதனை சாகாமல் இருந்தது.

"சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. பாசியைச் சுரண்டக் கூடாது," என்றார். சுரண்டும் உரிமை குழுவுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. "மழை தொடங்கறதுக்குள்ள கடை நடக்கலேன்னா இடத்தைத் திருப்பி எடுத்துக்குவோம்."

"நடந்துரும் ஐயா. கள்ளுக்கு லைசென்ஸ் வந்ததும் தொறந்துருவேன்."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அது சிரிக்கிறதா என்று சிங்காரத்துக்குத் தெரியவில்லை.

அந்தக் காட்டில் மது விற்க அனுமதி தருவது மதுவிலக்குத் துறை. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், காட்டில் யாரும் சிரிப்பதில்லை. அதன் ஆய்வாளர் தேவராசன் என்ற தேவாங்கு. தேவாங்கு பகலெல்லாம் தூங்கும் பிராணி. அலுவலக நேரமும் பகல்தான். ஆகவே மனு கொடுக்க வந்தவர்கள் கிளைக்குக் கீழே நின்று, ஐயா எப்போது கண் திறப்பார் என்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வாங்கிக்கொண்டு போவார்கள். சிங்காரமும் வாங்கினான். கடைசியில் ஒருநாள் ஒரு கண் திறந்தது.

"கோயில்லேர்ந்து கூப்பிடு தூரத்துக்குள்ள கள் விக்கக் கூடாது. அதான் ரூல். உன் கடைக்கிட்ட கோயில் இருக்கா?"

"இல்லீங்க ஐயா. எதிர்ல ஒரு கரையான் புத்துதான்."

"அப்ப வந்து பாத்துட்டுக் கொடுத்துருவேன்," என்று கண் மூடிக்கொண்டது.

இந்தக் கூப்பிடு தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோட்டையில் ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள இடம் ஒன்றே ஒன்று. 'பரமானந்தம் மனமகிழ் மன்றம்'. நடத்துபவர் பரமானந்தம் என்ற நரி. பெயர்தான் மன்றம், உள்ளே நடப்பது குடி. உறுப்பினராகத் தகுதி, தாகம். அந்த மன்றத்தின் பின்சுவரும் கோட்டையின் மறுகோடியில் இருந்த பழைய கோயிலின் மதிலும் ஒன்றே. பிறகு எப்படி லைசென்ஸ் என்று கேட்பீர்கள். தூரம் அளக்க வந்த தேவாங்கு, கோயில் வாசலில் நின்று கூப்பிட ஒரு நத்தையை நியமித்தது. நத்தை கூப்பிட்டதாக எழுதிக்கொண்டார்கள். மன்றத்தில் யார் காதிலும் விழவில்லை. ஆகவே கூப்பிடு தூரத்துக்கு அப்பால்.

இப்பேர்ப்பட்ட மன்றத்துக்குப் போட்டியாக ஒரு மரநாய் வருகிறது என்றால் நரி சும்மா இருக்குமா? சிங்காரம் ஆய்வாளரை அழைத்துவரப் போயிருந்த நேரம் பார்த்து வேலையைக் காட்டிவிட்டது.

தேவாங்கை முதுகில் சுமந்துகொண்டு வந்த சிங்காரம் தன் கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டான். கரையான் புற்றைக் காணோம். அந்த இடத்தில் நெட்டையாக, கொஞ்சம் கோணலாக ஒரு கல். கல்லுக்கு எண்ணெய், மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழ மாலை. பக்கத்தில் துருப்பிடித்த அரிவாள் ஒன்று நட்டிருந்தது. நெற்றி நிறைய திருநீற்றோடு நரி கண் சொருகி உட்கார்ந்திருந்தது.

"கனவுல வந்துச்சு தம்பி. 'ஆதிகாலத்துலேர்ந்து இங்கதான் இருக்கேன், ஒருத்தரும் கண்டுக்கல'ன்னு ஒரே அழுகை. எனக்கு மனசு கேக்கல."

"ஆமா ஆமா," என்றார் பக்கத்தில் வந்து நின்றிருந்த கூர்மநாதன், யாரும் கேட்காமலே. "நான் குட்டியா இருக்கறப்பவே இருந்துச்சு."

சிங்காரம் தேவாங்கைப் பார்த்தான். "ஐயா, காலையில இங்க புத்து இருந்துச்சுங்க. பாருங்க, மண்ணு இன்னும் ஈரம்."

"சாமி விஷயத்துல நான் மண்ணைத் தோண்டிப் பாக்கவா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குப்பா," என்றது தேவாங்கு. "இதுக்குக் கூப்பிடவே வேணாம், தும்முனாலே கேக்கும். லைசென்ஸ் கிடையாது."

அன்றைக்கு வானத்தில் கருமேகம் கூடிக்கொண்டிருந்தது. சிங்காரம் அடுப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். பனை போயிற்று. மழை வந்தால் கோட்டையும் போகும். தோப்புப் பக்கம் இனி எந்த முகத்தோடு போவது? அவனுக்கு நரிமேல் கோபம் வந்தது, ஆமைமேல் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல் வந்தது.

ராக்காயி அழவில்லை. வாசலில் நின்று கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. இது என்ன சாமி?"

"எந்தச் சாமியா இருந்தா நமக்கென்ன? நம்ம பொழப்புல நட்ட கல்லு."

"அட, அழுகையை நிறுத்திட்டுப் பாருங்க. தொந்தி இருக்கா? தும்பிக்கை இருக்கா? பிள்ளையாரு இல்ல. நெட்டையா நிக்குது. பக்கத்துல அருவா. அப்ப காவல் சாமி. முனி." அவள் குரலைத் தாழ்த்தினாள். "முனிக்கு என்ன படைப்பாங்க?"

சிங்காரத்துக்கு அழுகை பாதியில் நின்றது.

நரிக்கு அவசரம். கைக்குக் கிடைத்த கல்லை நட்டது. வெறும் கல்லை நம்பமாட்டார்களோ என்று பயந்து அரிவாளையும் நட்டது. கொழுக்கட்டை தின்கிற சாமியை வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவ்வளவு கெட்டிக்காரப் பிராணி அந்தச் சின்ன விசாரணையைச் செய்யாமல் விட்டது. கெட்டிக்காரர்கள் இப்படித்தான் கவிழ்வார்கள், பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அடுத்த நாள் கல்லுக்கு முன்னால் வாழை இலை விரிந்தது. இலையில் நண்டுக் குழம்பு, பக்கத்தில் ஒரு கலயம் கள். சாமி கும்பிட்டு முடித்ததும் எல்லோருக்கும் பிரசாதம். விலை கிடையாது, உண்டியலில் காணிக்கைதான். ஒரு வாய் குடித்த காட்டெருமைக்கு அங்கேயே அருள் வந்தது. அதைப் பார்த்துப் பன்றிகளுக்கும் பக்தி வந்தது. கொஞ்ச நாளில் கோட்டையே பக்தியில் தள்ளாடியது. மன்றத்தில் ஈ ஓட்டக்கூட ஆளில்லை.

நரி பல்லைக் கடித்துக்கொண்டு தேவாங்கை எழுப்பிக் கூட்டிவந்தது.

"கள் விக்கிறான் ஐயா! லைசென்ஸ் இல்லாம!"

"விக்கலீங்க," என்றான் சிங்காரம். "சாமிக்குப் படைக்கிறேன். மிச்சத்தைப் பிரசாதமாக் குடுக்கிறேன்."

தேவாங்கு யோசித்தது. தேவாங்கு யோசிப்பதற்கு நேரமாகும். கூட்டம் காத்திருந்தது.

"பிரசாதத்துக்கு எங்க துறையில ரூல் இல்லையே. ஏன் பரமானந்தம், இது நெஜ சாமிதானா?"

நரிக்கு வியர்த்துவிட்டது. பொய்ச் சாமி என்று சொன்னால் கோயில் இல்லை. கோயில் இல்லையென்றால் மரநாய்க்கு லைசென்ஸ். நிஜச் சாமி என்றால் பிரசாதம். சுற்றிலும் போதையில் சிவந்த கண்களோடு பக்தர்கள் நரியின் வாயையே பார்த்தார்கள். காட்டெருமை கொம்பைத் தாழ்த்திக்கொண்டது.

"நெஜ... நெஜ சாமிதாங்க," என்றது நரி.

"அப்பறம் என்ன?" தேவாங்கு இரு கையையும் குவித்து நீட்டியது. "பிரசாதத்தை வேணாம்னு சொல்லக் கூடாது." இரண்டாம் முறையும் நீட்டியது.

நியாயம் வென்றது என்று நீங்கள் எழுந்து போகலாம். போனால் ஏமாந்துபோவீர்கள். மழை பிடிப்பதற்குள் நரி சமாதானம் பேசி வந்து கோயிலுக்குத் தர்மகர்த்தா ஆகிவிட்டது. சிங்காரம் பூசாரி. உண்டியலுக்கு இரண்டு சாவி. கூர்மநாதன் அந்தக் கல்லைப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்து, அதன்மேல் பாசி வளரவிட வேண்டும் என்று உத்தரவும் போட்டார். சிங்காரத்துக்குத் தொப்பை விழுந்தது. கோட்டையின் புனிதத்தைப் பற்றி அவனும் பேசத் தொடங்கினான்.

அடுத்த பருவத்தில் கருப்பாயி என்ற கரடி வந்து சேர்ந்தாள். இலுப்பைப்பூவை ஊறவைத்து அவள் இறக்கும் சாராயத்துக்கு மலைப்பக்கம் நல்ல பெயர். தன் குகையை ஒரு சிறுத்தைக்குக் கொடுத்துவிட்டு, முனி கல்லிலிருந்து கூப்பிடு தூரம் தாண்டி இடம் பிடித்திருந்தாள்.

"அண்ணே, லைசென்ஸுக்கு மனு போட்டிருக்கேன். மழைக்குள்ள கெடைச்சிருமா? திரும்பிப் போக எனக்குக் குகை இல்லண்ணே."

சிங்காரத்துக்குத் தன் பனை நினைவு வந்தது. வந்த வழியே போகவும் செய்தது.

"கண்டிப்பாக் கெடைக்கும் தங்கச்சி. சாமியை வேண்டிக்க," என்றான்.

அவள் ஆய்வாளரைப் பார்க்கப் போன பிறகு, நரியும் சிங்காரமும் ஆற்றங்கரைக்குப் போய்க் கல் பார்த்தார்கள். நரி எடுத்த நெட்டைக் கல்லைச் சிங்காரம் வாங்கித் தூரப் போட்டான். தேடித் தேடி, குட்டையாக, உருண்டையாக, நல்ல தொந்தி விழுந்த கல்லாக ஒன்றைப் பொறுக்கினான். ராக்காயி மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள்.

கருப்பாயி திரும்பி வந்தாள். தன் கடை வாசலில் புதிதாக ஒரு பிள்ளையாரைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டாள். லைசென்ஸ் சீக்கிரம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, முதல் ஆளாக அதற்குத் தேங்காய் உடைத்தாள்.

நீதி: பக்கத்துக் கடை வாசலில் கல் நடுமுன், அந்தச் சாமி குடிக்குமா என்று விசாரித்துக்கொள்ளவும்.